மாங்கனீசு மாதிரியில் ஆறு கோடுகள் எங்கே? காந்தப் பொருள்களில் இஎஸ்ஆர் காட்டுவதும் காட்டாததும்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். கையில் இரண்டு நேர்மின்சுமை கொண்ட மாங்கனீசு அயனிகள் செறிந்த ஒரு தூள். காந்தமானியில் ஏற்புத்திறனை, அதாவது புலத்துக்கு அது எவ்வளவு காந்தமாகிறது என்பதை, அளந்தாயிற்று. 70 கெல்வின் அருகே ஆன்டிஃபெர்ரோ காந்த மாற்றம் (அயனிகளின் காந்தங்கள் எதிரெதிராக ஒழுங்காவது) தெளிவாகத் தெரிகிறது. அதே தூளை எக்ஸ்-பேண்ட் (சுமார் 9.4 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலை) இஎஸ்ஆர் கருவியில், அதாவது காந்தப் புலத்தை மாற்றிக்கொண்டே எலக்ட்ரான் ஸ்பின்கள் நுண்ணலையை உறிஞ்சும் இடத்தைக் கோடாகப் பதியும் எலக்ட்ரான் ஸ்பின் ஒத்ததிர்வுக் கருவியில் வைத்தால், பாடப்புத்தகம் சொல்லும் ஆறு கோடுகள் வரவில்லை. சுமார் 600 காஸ் (காந்தப் புலத்தின் அலகு) அகலத்தில் ஒரே ஒரு கோடு. குளிர்விக்கக் குளிர்விக்க அது மேலும் அகன்று, மாற்ற வெப்பநிலைக்குக் கீழே மறைந்தும் போகிறது. மாதிரி கெட்டதா, கருவி கெட்டதா என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில்தான் உண்மையான கேள்விக்கு வந்திருக்கிறீர்கள்: காந்தமானியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டபோது இந்த ஒற்றைக் கோட்டை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது?

நீங்கள் விவரித்தபடி பார்த்தால் இரண்டும் கெட்டதாகத் தெரியவில்லை. ஆண்டுக்கணக்கில் காந்தச் சேர்மங்களை இந்தக் கருவியில் அளந்துவரும் அனுபவத்தில் சொல்கிறேன்: செறிந்த மாங்கனீசுச் சேர்மம் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். ஆறு கோடுகள் வந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். எங்கோ தனித்து நிற்கும் மாங்கனீசு மாசைத்தான் அளந்துகொண்டிருக்கிறீர்கள் என்று அதற்குப் பொருள்.

அந்த ஆறு கோடுகள் மாங்கனீசு அணுக்கருவிலிருந்து வருபவை. அணுக்கருவின் ஸ்பின் (அதன் உள்ளார்ந்த சுழல் உந்தம்) 5/2. அதற்கு ஆறு நிலைகள் உண்டு. ஒவ்வொரு நிலையும் எலக்ட்ரான்மேல் சற்றே வேறுபட்ட உள்புலத்தைச் செலுத்துகிறது. மக்னீசியம் ஆக்சைடில் மிகச் சிறிதளவு மாங்கனீசைக் கலந்தால், ஏறக்குறைய 87 காஸ் இடைவெளியில் ஆறு கூர்மையான கோடுகள் கிடைக்கும். அங்கே ஓர் அயனிக்கு அருகில் வேறு மாங்கனீசு இல்லை. உங்கள் தூளில் நிலைமை வேறு. பக்கத்து அயனிகளின் ஸ்பின்கள், ஒன்றையொன்று இணையாகவோ எதிராகவோ நிறுத்தும் பரிமாற்ற இடைவினையால் பிணைந்திருக்கின்றன. ஒன்றின் ஸ்பின் நிலை அடுத்ததற்குக் கைமாறிக்கொண்டே இருக்கிறது. 87 காஸ் என்பதை அதிர்வெண்ணாக மாற்றினால் சுமார் 24 கோடி ஹெர்ட்ஸ். பரிமாற்றமோ நொடிக்கு லட்சம் கோடி முறை என்ற அளவில் நடக்கிறது. ஒரு ஸ்பின் தன் அணுக்கருவின் புலத்தை உணர்வதற்குள் வேறோர் இடத்துக்குப் போய்விடுகிறது. வேகமாகச் சுற்றும் மின்விசிறியில் இறக்கைகளை எண்ண முடியாததைப் போல, ஆறு கோடுகளும் கரைந்து ஒன்றாகிவிடுகின்றன.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் உங்கள் ஆய்வகத்திலேயே பொருள் இருக்கும். புலத்தை அளவீடு செய்யப் பயன்படுத்தும் டிபிபிஎச் (இணையற்ற ஓர் எலக்ட்ரான் உள்ள கரிமச் சேர்மம்) தூளில் சில காஸ் அகலமே உள்ள ஒரே கோடுதான் வரும். அதே பொருளை பென்சீன் போன்ற கரைப்பானில் மிக நீர்த்த கரைசலாக்கினால் இரண்டு நைட்ரஜன் அணுக்கருக்களால் ஐந்து கோடுகளாகப் பிரியும். மூலக்கூறு ஒன்றுதான், எலக்ட்ரானும் அதேதான். திண்ம நிலையில் பரிமாற்றம் இருக்கிறது, நீர்த்த கரைசலில் இல்லை, அவ்வளவே வேறுபாடு. ஒரு பிற்பகலில் இரண்டையும் அளந்து அருகருகே வைத்துப் பாருங்கள். பாடமாகப் படிப்பதைவிட அது நன்றாக மனத்தில் நிற்கும்.

பரிமாற்றத்தால் கோடு குறுகும் இந்த விளைவுக்குக் கணித உருவம் கொடுத்தவர்கள் இயற்பியலர்கள் ஆண்டர்சனும் வெய்ஸும், 1953-இல். அவர்கள் சொன்னதன் சாரம்: கோட்டை அகலமாக்கும் இருமுனை இடைவினை (ஸ்பின்கள் சிறு காந்தத் துண்டுகளைப் போல் ஒன்றையொன்று ஈர்ப்பதும் தள்ளுவதும்) போன்ற சிறிய விசைகளின் வர்க்கத்தைப் பரிமாற்றத்தின் வலிமையால் வகுத்தால், எஞ்சும் அகலம் கிடைக்கும். பரிமாற்றம் வலுக்க வலுக்கக் கோடு குறுகும். வடிவமும் வால் குட்டையான காஸிய வடிவத்திலிருந்து வால் நீண்ட லொரென்ட்ஸ் வடிவத்துக்கு மாறும். முப்பரிமாணச் சேர்மங்களில் இது நன்றாக நிலைபெற்ற செய்தி. ஸ்பின்கள் சங்கிலியாக மட்டும் பிணைந்த பொருள்களில் அப்படியே பொருந்தாது. அத்தகைய சங்கிலிச் சேர்மமான டெட்ராமெத்தில் அம்மோனியம் மாங்கனீசு குளோரைடில் 1970-களின் தொடக்கத்தில் பார்த்தபோது, கோட்டு வடிவம் லொரென்ட்ஸாகவும் இல்லை, காஸியமாகவும் இல்லை. ஒரு பரிமாணத்தில் ஸ்பின் தொடர்புகள் மிக மெதுவாகத் தேய்வதன் அடையாளம் அது.

இனி உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். முழுக்கத் திசைச்சார்பற்ற பரிமாற்றம் மட்டுமே உள்ள ஒரு காந்தத்தைக் கற்பனை செய்யுங்கள். எல்லா அயனிகளின் ஜி மதிப்பும் (எந்தப் புலத்தில் கோடு வரும் என்பதை நிர்ணயிக்கும் எண்) ஒன்றே என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மொத்த ஸ்பின், பரிமாற்றத்தால் மாறாத அளவு. இஎஸ்ஆர் கருவியின் நுண்ணலை மாதிரி முழுவதையும் ஒரே சீராகத் தொடுவதால் அந்த மொத்த ஸ்பினை மட்டுமே அசைக்கிறது. ஆகவே கோடு தனித்த அயனிக்குரிய அதே இடத்தில், அகலமே இல்லாமல் வர வேண்டும், பரிமாற்றம் 1 கெல்வினாக இருந்தாலும் 1000 கெல்வினாக இருந்தாலும். அதாவது காந்த மாற்றத்தை உண்டாக்கும் அந்தப் பெரிய விசை இஎஸ்ஆர் கருவியின் கண்ணில் நேரடியாகப் படாது. கோடு சற்று விலகினாலோ அகன்றாலோ அதற்குக் காரணம் அந்தப் பெரிய விசையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய திசைச்சார்பு விசைகள்: இருமுனை இடைவினை, படிகப் புலம் (சுற்றியுள்ள அணுக்கள் அயனிமேல் செலுத்தும் மின்புலம்), திசைச்சார்புள்ள பரிமாற்றம், ஸியாலோஷின்ஸ்கி–மோரியா இடைவினை (பக்கத்து ஸ்பின்களை ஒன்றுக்கொன்று சற்றே சாய்க்கும் விசை). காந்தமானி பெரிய விசையைச் சொல்கிறது. அதில் நூற்றில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு உள்ளவற்றை அது பெரும்பாலும் தவறவிடும். இஎஸ்ஆர் அவற்றை மட்டும் எடுத்துத் தருகிறது. இந்தக் கருவியை நான் இவ்வளவு மதிப்பதற்குக் காரணமே இதுதான். கட்டுரையில் நீங்கள் எழுத வேண்டியதும் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

அகலம் வெப்பநிலையோடு எப்படி மாறுகிறது என்பதே உங்களிடம் உள்ள மிக வளமான தரவு. அதில் அவசரப்படவும் கூடாது. கோடு குளிரில் அகல்கிறது என்றதும் பலர் 'மாற்ற வெப்பநிலையை நெருங்கும் நெருக்கடி ஏற்ற இறக்கங்கள்' (மாற்றத்தின் விளிம்பில் ஸ்பின்கள் பெருங்கூட்டமாக அலைபாய்வது) என்று எழுதி, ஓர் அடுக்குக்குறி விதியைப் பொருத்தி, அடுக்குக்குறிக்கு இரண்டு தசம இடங்களும் கொடுத்துவிடுகிறார்கள். அதற்கு முன் ஒரு எளிய திருத்தம் செய்ய வேண்டும். வெகு மேலே, ஸ்பின்கள் ஒழுங்கற்றிருக்கும் பாரா காந்த நிலையில்கூட, அகலம் ஏற்புத்திறனோடு கட்டுண்டது. அகலம், ஏற்புத்திறன், வெப்பநிலை மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய மாறிலி வர வேண்டும். கியூரி–வெய்ஸ் விதிப்படி (ஏற்புத்திறன், வெப்பநிலையிலிருந்து வெய்ஸ் வெப்பநிலையைக் கழித்ததற்கு எதிர்விகிதம்) நடக்கும் ஆன்டிஃபெர்ரோ காந்தத்துக்கு வெய்ஸ் வெப்பநிலை எதிர்க்குறியோடு 100 கெல்வின் என்று வைத்துக்கொண்டால், 300 கெல்வினிலிருந்து 100 கெல்வினுக்கு வரும்போது அகலம் இந்த ஒரு காரணத்தாலேயே ஒன்றரை மடங்காகும். இதில் நெருக்கடி எதுவும் இல்லை. உங்களிடம் காந்தமானித் தரவு ஏற்கெனவே இருக்கிறது. மூன்றையும் பெருக்கி வெப்பநிலைக்கு எதிரே வரையுங்கள். அந்த வரைபடம் எங்கே தட்டையாக இருக்கிறது, எங்கே தட்டையை விட்டுக் கிளம்புகிறது என்று பாருங்கள். கிளம்பிய பகுதிதான் உண்மையில் விளக்கம் தேவைப்படுவது.

இந்த எளிய விதியின் வலிமையை மாங்கனைட்டுகள் எனும் மாங்கனீசு ஆக்சைடுச் சேர்மங்களின் கதை காட்டும். 1990-களில் அந்தச் சேர்மங்களில், காந்த மாற்றத்துக்கு மேலே அகலம் வெப்பநிலையோடு ஏறக்குறைய நேர்கோட்டில் கூடுவதைக் கண்டார்கள். ஸ்பினுக்கும் படிக அதிர்வுகளுக்கும் உள்ள இடைவினை என்றனர் சிலர். மின்சுமைகள் போலரான்களாக (சுற்றியுள்ள படிகத்தின் நெளிவையும் இழுத்துக்கொண்டு) தாவுவதன் விளைவு என்றனர் வேறு சிலர். பிறகு, தரவின் பெரும்பகுதி மேலே சொன்ன பெருக்கல் விதியிலேயே அடங்கிவிடுகிறது என்று காட்டப்பட்டது. மற்ற விளக்கங்களுக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மின்கடத்தும் சேர்மங்களில் விவாதம் நீண்டது. முதலில் எளியதைக் கழித்துவிட்டுத்தான் அரியதைத் தேட வேண்டும் என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை.

அகலத்திலிருந்து எந்த நுண்ணிடைவினை என்று பெயர் சொல்வது இன்னும் வழுக்கலான இடம். தூள் மாதிரியில் ஓர் அகல மதிப்பு. அதற்குப் பொருந்தக்கூடிய காரணங்களோ நான்கு. எல்லாவற்றிலும் சரிசெய்துகொள்ள ஓர் எண் இருக்கிறது. செப்புச் சங்கிலிச் சேர்மங்களில் ஸியாலோஷின்ஸ்கி–மோரியா இடைவினைக்கே பெரும் அகலத்தையும் ஒதுக்கிவிடும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. இயற்பியலர்கள் ஓஷிகாவாவும் அஃப்லெக்கும் 1999-இலிருந்து வெளியிட்ட ஆய்வுகளில், ஸ்பின்-½ சங்கிலியில் அந்தப் பழைய மதிப்பீட்டு முறை செல்லாது என்று காட்டினார்கள். சமச்சீரான திசைச்சார்புப் பரிமாற்றம் இருந்தால், தாழ் வெப்பநிலையில் அகலம் வெப்பநிலையோடு நேர்கோட்டில் குறையும். அயனிக்கு அயனி குறி மாறும் புலம் இருந்தால், குளிரக் குளிர வெப்பநிலையின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் கூடும், புலத்தின் வர்க்கத்தோடும் வளரும். செப்புச் சங்கிலிச் சேர்மமான செப்பு பென்சோயேட்டில் இந்த இரண்டாவது நடத்தை தெரிகிறது. இதிலிருந்து உங்களுக்குப் பயன்படும் செய்தி இரண்டு. படிக அமைப்பைப் பாருங்கள்: இரண்டு அயனிகளை இணைக்கும் பிணைப்பின் நடுப்புள்ளியில் தலைகீழ்ச் சமச்சீர் (அந்தப் புள்ளியின் வழியே எல்லாவற்றையும் எதிர்ப்பக்கம் மாற்றினாலும் படிகம் அப்படியே இருப்பது) இருந்தால், அந்தப் பிணைப்பில் ஸியாலோஷின்ஸ்கி–மோரியா இடைவினை இருக்கவே முடியாது. இது ஐயத்துக்கு இடமில்லாத விதி. அடுத்து, எப்பாடுபட்டாவது ஓர் ஒற்றைப் படிகம் தேடுங்கள். திசையை மாற்றி மாற்றி அளக்கும்போது அகலம் எந்த வடிவத்தில் மாறுகிறது என்பதே காரணங்களைப் பிரித்துக்காட்டும். தூளில் அந்தச் செய்தி சராசரியாகி அழிந்துவிடுகிறது. தூளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு காரணத்தை உறுதியாகப் பெயர் சொல்லும் கட்டுரையை நான் நம்புவதில்லை.

ஜி மதிப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மாங்கனீசு 2+, இரும்பு 3+, கடோலினியம் 3+ ஆகியவற்றில் எலக்ட்ரான் கூடு சரிபாதி நிரம்பியிருப்பதால் மதிப்பு 2-ஐ ஒட்டியே வரும். எனவே உங்களுக்கு 2.00 வந்ததில் வியப்பில்லை, புதிய செய்தியும் அதிகமில்லை. செப்பு 2+ அயனியில் 2.05-க்கும் 2.4-க்கும் இடையில் திசைக்கேற்ப மாறும். அங்கே ஜி மதிப்பு அயனியைச் சுற்றியுள்ள சூழலைப் பற்றி நிறையப் பேசும். ஆனால் உங்கள் கோட்டின் அகலம் ஒத்ததிர்வுப் புலமான 3350 காஸை நெருங்கத் தொடங்கினால், வழக்கமான பொருத்தல் தவறான ஜி மதிப்பைத் தரும். கருவியின் நுண்ணலைப் புலம் நேர்கோட்டில் அதிர்வது. அதில் வலஞ்சுழி, இடஞ்சுழி இரண்டும் உண்டு. ஆகவே எதிர்ப்புலத்தில் உள்ள மற்றொரு ஒத்ததிர்வின் வால் பூச்சியத்தைக் கடந்து இந்தப் பக்கம் நீள்கிறது. பொருத்தும் சார்பில் அந்த இரண்டாவது உறுப்பையும் சேர்க்க வேண்டும். கோடு குளிரில் தாழ்புலத்துக்கு நகர்கிறது என்று எழுதப்பட்ட சில முடிவுகள், இந்த ஓர் உறுப்பைச் சேர்த்ததும் நகர்வே இல்லாமல் போயிருக்கின்றன.

உங்கள் தூள் ஃபெர்ரோ காந்தமாக (ஸ்பின்கள் ஒரே திசையில் ஒழுங்காவது) இருந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 1946-இல் இயற்பியலர் கிரிஃபித்ஸ் ஃபெர்ரோ காந்த உலோகங்களில் முதன்முதலாக ஒத்ததிர்வைக் கண்டபோது, ஒத்ததிர்வுப் புலத்திலிருந்து நேரடியாகக் கணக்கிட்ட ஜி மதிப்பு 2-க்கு வெகு மேலே போயிற்று. எலக்ட்ரானில் கோளாறில்லை. காந்தமாகிய பொருள் தன் வடிவத்தைப் பொறுத்துத் தானே ஒரு புலத்தை உண்டாக்குகிறது என்பதைக் கணக்கில் சேர்த்து இயற்பியலர் கிட்டெல் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் விளக்கினார். ஓர் எண்ணைப் பார்த்தால் விளங்கும்: காந்தமாக்கத்தின் புலம் 10,000 காஸ் உள்ள மெல்லிய படலத்தை, புலம் படலத்தின் தளத்திலேயே இருக்கும்படி 9.4 கிகாஹெர்ட்ஸில் அளந்தால், உண்மையான ஜி 2 ஆக இருந்தாலும் கோடு சுமார் 1020 காஸில் வரும். அதை அப்படியே வகுத்தால் ஜி 6.6 என்று வரும். இப்படிப் பிறந்த எண்களை அயனியின் பண்பு என்று அட்டவணை போட்டிருப்பதை இன்றும் காண்கிறேன், வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது கோட்டின் செறிவு. கருவி கோட்டின் வகைக்கெழுவையே பதிவதால், அதை இருமுறை தொகையிட்டால் ஸ்பின் ஏற்புத்திறன் கிடைக்கும். காந்தமானி எல்லாவற்றையும் கூட்டித் தருகிறது. இஎஸ்ஆரில் மாசின் கோடு வேறாக இருந்தால் அதைத் தனியே பிரித்துவிடலாம். ஆனால் லொரென்ட்ஸ் கோட்டின் வால் மிக நீளம். நடுவிலிருந்து இருபுறமும் அரை அகலத்தைப் போல் 5 மடங்கு தொலைவு வரை அளந்தாலும் பரப்பில் 13 விழுக்காடு வெளியே நிற்கும். வகைக்கெழுவை ஓரத்தில் பூச்சியத்திலிருந்து தொடங்கி இருமுறை தொகையிட்டால் இழப்பு கால் பங்கை எட்டும். அதுவும் கோடு அகல அகல இழப்பு கூடுவதால், ஸ்பின்கள் குறைந்துவருவதாகப் பொய்யாகத் தோன்றும். கோட்டைப் பொருத்தி, உச்சத்திலிருந்து உச்சம் வரையான அகலத்தின் வர்க்கத்தை வீச்சால் பெருக்கி எடுப்பதே மேல். வெப்பநிலையோடு செறிவு மாறும் விதத்தை நம்பலாம். மொத்த ஸ்பின்களின் எண்ணிக்கையை, அருகிலேயே வைத்த ஒரு தெரிந்த மாதிரியோடு ஒப்பிடாமல் நம்ப வேண்டாம்.

மாற்ற வெப்பநிலைக்குக் கீழே கோடு மறைவதும் குறையன்று. ஆன்டிஃபெர்ரோ ஒழுங்கு வந்தபின் ஸ்பின்கள் இரு துணை அணிகளாக எதிரெதிரே நிற்கின்றன. அவற்றைச் சேர்ந்து அசைக்கத் தேவையான அதிர்வெண், பரிமாற்றப் புலத்தையும் திசைச்சார்புப் புலத்தையும் பெருக்கியதன் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. மாங்கனீசு ஃபுளோரைடு நல்ல எடுத்துக்காட்டு. ஒழுங்கு வெப்பநிலை 67 கெல்வின். பரிமாற்றப் புலம் 50 டெஸ்லாவுக்கு (1 டெஸ்லா 10,000 காஸ்) சற்று மேல். திசைச்சார்பு 1 டெஸ்லாவுக்கும் குறைவு. இரண்டும் சேர்ந்து தாழ் வெப்பநிலையில் ஏறக்குறைய 260 கிகாஹெர்ட்ஸ் இடைவெளியை (ஸ்பின்களை அசைக்கத் தேவையான குறைந்தபட்ச அதிர்வெண்) உண்டாக்குகின்றன. 9.4 கிகாஹெர்ட்ஸ் அலையால் அதை எட்ட வழியில்லை. இருக்கும் ஸ்பின்கள் எங்கும் போகவில்லை, உங்கள் கருவியின் எல்லைக்கு வெளியே போயிருக்கின்றன. எந்த வெப்பநிலையில் மறைகிறது என்பதே காந்தமானி சொன்ன மாற்றத்துக்குத் தனிச் சான்று. அதைத் தயங்காமல் எழுதுங்கள். இடைவெளியின் அளவை மட்டும் எக்ஸ்-பேண்டை வைத்து எழுத வேண்டாம். அதற்கு நூற்றுக்கணக்கான கிகாஹெர்ட்ஸ் மூலங்களும் உயர்புலக் காந்தங்களும் வேண்டும். ஜெர்மனியின் டிரெஸ்டன், அமெரிக்காவின் டல்லஹாசி, பிரான்சின் கிரெனோபிள், ஜப்பானின் கோபே ஆகிய இடங்களில் அப்படிப்பட்ட வசதிகள் இருக்கின்றன. அங்கே அதிர்வெண்ணைப் புலத்துக்கு எதிரே வரைந்து, பூச்சியப் புலத்துக்கு நீட்டினால் இடைவெளி நேரே கிடைக்கும். நியூட்ரான் சிதறல் ஸ்பின் அலைகளை எல்லா உந்தங்களிலும் காட்டும். இஎஸ்ஆர் பூச்சிய உந்தத்தில் மட்டும்தான். ஆனால் 1 கிகாஹெர்ட்ஸ் என்பது ஒரு மில்லி எலக்ட்ரான்வோல்ட்டில் ஆயிரத்தில் நான்கு பங்கு. சிறிய இடைவெளியை அவ்வளவு நுட்பமாக அளப்பது நியூட்ரானுக்கு மிகக் கடினம்.

பெரிய கோடு மறைந்தபின் ஜி 2 அருகே ஒரு சிறிய கோடு மிஞ்சியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு புதுக் கொள்கை எழுதிவிடாதீர்கள். பெரும்பாலும் அது மாசு, குறைபாடு, அல்லது படிகத் துகளின் ஓரத்து அயனிகள். குளிரக் குளிர அதன் செறிவு கியூரி விதிப்படி, அதாவது வெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில், வளர்ந்தால் ஐயமே வேண்டாம். மாங்கனீசு ஆக்சைடுகளைத் தயாரிக்கும்போது ஹாஸ்மனைட் (Mn₃O₄) சிறிதளவு சேர்ந்துவிடுவது வழக்கம். அது 43 கெல்வின் அருகே ஃபெர்ரி காந்தமாவது (எதிரெதிர் ஸ்பின்கள் முழுதும் ஈடாகாமல் காந்தம் எஞ்சுவது), எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு (டிஃப்ராக்ஷன்) வரைபடத்தில் தெரியாத அளவில் இருந்தாலும் காந்த அளவீட்டில் தலைகாட்டும். ஜி 4.3 அருகே ஏதேனும் தெரிந்தால் கண்ணாடிக் குழாயில் உள்ள இரும்பைச் சந்தேகியுங்கள். வெற்றுக் குழாயை ஒருமுறை அளந்தாலே போதும்.

உங்கள் தூள் மின்கடத்தாதது என்பதால் உலோகங்களின் சிக்கலை விரிக்கவில்லை. நுண்ணலை மேற்பரப்பிலிருந்து சில மைக்ரோமீட்டருக்குள் நின்றுவிடுவதால் கோடு சமச்சீரற்று வரும், இயற்பியலர் டைசன் 1955-இல் அதன் வடிவத்தைக் கணக்கிட்டார் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அடுத்து செய்வது இவை. பண்பேற்ற வீச்சை (புலத்தின்மேல் கருவி ஏற்றும் சிறு அலைவின் அளவு) கோட்டு அகலத்தின் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வைத்து, அறை வெப்பநிலையிலிருந்து 70 கெல்வின் வரை நெருக்கமான இடைவெளிகளில் மறுபடி அளப்பேன். எதிர்ப்புல உறுப்போடு பொருத்துவேன். அந்தப் பெருக்கல் வரைபடத்தைப் போடுவேன். பிறகு, இதே படிக அமைப்பில் மாங்கனீசுக்குப் பதில் மக்னீசியமோ துத்தநாகமோ உள்ள காந்தமற்ற சேர்மம் கிடைத்தால், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாங்கனீசு சேர்த்து ஒரு மாதிரி தயாரிப்பேன். நீங்கள் தேடிய ஆறு கோடுகள் அதில் வரும். கூடவே தனி அயனியின் படிகப் புல அளவும் கிடைக்கும். செறிந்த தூளின் அகலத்தில் அந்தப் பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டுக் கழிக்கலாம். மீதியை இருமுனை இடைவினைக்கும் திசைச்சார்புப் பரிமாற்றத்துக்கும் பிரிப்பது படிகம் கிடைக்கும்வரை காத்திருக்கட்டும்.